ஓட்டைக்குள் போன சந்தனம்

என் பொண்டாட்டி மேல எனக்குப் பொறாமை. அதை "ஆதங்கம்", "மனக்குறை"ன்னு பூசி மெழுக எனக்கு வராது. வயித்தெரிச்சல்னா வயித்தெரிச்சல்தான். ஊர்ல புருஷன்காரன் பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்துப் பொறாமைப்படுவான், கூட வேலை செய்யறவனோட பதவி உயர்வைப் பார்த்துப் பொருமுவான். நான் பொறாமைப்பட்டது ஒரு கயித்து மேல. அதுவும் ஆகாயத்துல அறுந்து போன கயிறு. யார்கிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க.

தொண்ணூறுகளோட நடுவுல நாங்க பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஃபிளாட்ல வாடகைக்கு இருந்தோம். நான் கிள்ளான்ல ஒரு கேபிள் ஃபாக்டரியில டெஸ்டிங் டெக்னீஷியன். அவ யூனிவர்சிட்டி ஒண்ணுல, ஹை வோல்டேஜ் லேப்ல, ப்ரொபசருக்குக் கீழ ஆராய்ச்சி செய்யறவ. பார்க்கப் போனா ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். கம்பிக்கு மேல இருக்கிற உறை எங்க பிஞ்சிருக்கு, கரண்ட் எந்த வழியா வெளிய பாயுதுன்னு பார்க்கிறது. கல்யாணம் ஆன புதுசுல மத்தவங்க சினிமா பேசற நேரத்துல நாங்க ஷார்ட் சர்க்கியூட் பேசிக்கிட்டு இருப்போம். அதுல எனக்கு ஒரு பெருமையும் இருந்துச்சு, ஏன்னா அப்ப அவ கேப்பா, நான் சொல்லுவேன்.

நான் கிள்ளான் பக்கம் காப்பார் ஊர்க்காரன். அப்பா எண்ணெய் எடுக்கற செம்பனைத் தோட்டத்துல லோரி ஓட்டினாரு. அவ சிலோன்காரங்க வீட்டுப் பொண்ணு. மாமனார் ரயில்வேயில பெரிய கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். என்னைப் பத்தி முதல்ல சொன்னப்போ, "பெடியன் எஞ்சினியரோ?"ன்னு கேட்டாராம். இல்ல, டெக்னீஷியன்னு இவ சொல்லியிருக்கா. "ம்"ன்னாராம். திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன், அந்த "ம்"மை மறக்க முடியல.

அந்தக் கயிறு எங்க வீட்டுக்குள்ள வந்தது இப்படி. ப்ரொபசருக்கு அமெரிக்காவுல ஒரு கூட்டாளி. அங்க விண்வெளி ஓடத்துலருந்து ஒரு செயற்கைக்கோளைக் கயித்துல கட்டி, தூண்டில் விடற மாதிரி மைல் கணக்குல வெளிய விட்டிருக்காங்க. கயிறுன்னா பருமன் ஷூ லேஸ் அளவுதான். நடுவுல செம்புக் கம்பி, அதைச் சுத்தி கரண்ட் தாண்டாத உறை, அதுக்கு மேல பலத்துக்கு நார். பூமியோட காந்தத்தைக் குறுக்க வெட்டிக்கிட்டு அது பறக்கிறப்போ, டைனமோ மாதிரி அதுலயே ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாகும். அந்த மின்சாரத்தைப் பார்க்கத்தான் விட்டதே. நல்லா போய்க்கிட்டிருந்த கயிறு படக்குன்னு அறுந்துச்சு. செயற்கைக்கோள் போயே போச்சு. மிச்சம் இருந்த முனை கருகிக் கிடந்துச்சு.

உறையில ஊசிமுனை அளவுக்கு எங்கியோ ஒரு ஓட்டை, அது வழியா பொறி பாய்ஞ்சு நாரை எரிச்சிருக்குன்னு எல்லாரும் நினைச்சாங்க. அதுல ஒரு சிக்கல். பொறி நின்னு எரியணும்னா காத்து மாதிரி ஏதாச்சும் வேணும். வெற்றிடத்துல அது எங்கருந்து வந்துச்சு? அங்க பெரிய பெரிய குழுவெல்லாம் விசாரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ப்ரொபசர் கூட்டாளிகிட்ட கேட்டு வாங்கினது அதுல ஒரு ஓரத்து வேலை. அதே மாதிரிக் கம்பியில சின்னச் சின்னத் துண்டா அனுப்புவாங்க. ஊசியால ஓட்டை போட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள்ள வெச்சு, பம்ப் போட்டுக் காத்தை உறிஞ்சிட்டு, வோல்டேஜை ஏத்திப் பார்க்கணும். அந்த வேலையை ப்ரொபசர் இவகிட்ட குடுத்துட்டாரு.

அவ அன்னிக்கு வீட்டுக்கு வந்த முகத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல, கல்யாணத்தன்னிக்குக்கூட. "இஞ்சாருங்கோ, ஆகாயத்தில அறுந்த கயிறு! அதே மாதிரித் துண்டு என்ரை மேசையில!"ன்னா. நான் ஈரச் சட்டையைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன். ஃபெடரல் ஹைவே முழுக்க மழையில மோட்டர் சைக்கிள்ல வந்திருக்கேன். ஃபாக்டரியில என் வேலை என்ன தெரியுமா? கம்பி ஒரு பெட்டிக்குள்ள ஓடும், உள்ள மணி கோத்த சங்கிலிங்க அது மேல தொங்கும், அந்தச் சங்கிலியில கரண்ட் இருக்கும். உறையில ஊசி ஓட்டை இருந்தா பொறி பறந்து அலாரம் கத்தும். நான் மெஷினை நிறுத்தி, ஓட்டையைத் தேடி ஒட்டணும். எத்தனை வருஷமா அதே ஓட்டை! எவனாச்சும் அமெரிக்காவுலருந்து ஒரு போன் போட்டிருப்பானா?

"ஓட்டையாவது ஒண்ணாவது. கயித்தை விடற கப்பியில உரசித் தேய்ஞ்சு அறுந்திருக்கும். கரண்ட் இல்ல, கப்பிதான் காரணம். எழுதி வெச்சுக்கோ"ன்னேன்.

"அப்ப முனை ஏன் கருகினது?"ன்னு கேட்டா.

"சோத்தைப் போடு லா"ன்னேன்.

அதுக்கப்புறம் வீட்டுல பேச்சே மாறிருச்சு. அவ சொல்லுவா, நான் கேக்கணும். அதுவும் எப்படி, எனக்குப் புரியற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லுவா. எனக்கா? கேபிள் விஷயம் எனக்கா? நான் குளிச்சிட்டு வரேன்னு எழுந்து போயிருவேன். மாமனார் கோயில்ல போறவர் வரவர் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு. வெள்ளிக்கிழமை நான் விபூதி வாங்கக் கை நீட்டினா, ஐயர்கூட "உங்க வீட்டம்மாவோட கயிறு என்னாச்சு?"ன்னு கேக்கறாரு.

இப்படி இருக்கிறப்பதான் ப்ரொபசர் ஒரு பேச்சு விட்டாரு. பொறி ஏன் நின்னு எரியுதுன்னு இவ காட்டிட்டா, அமெரிக்காவுல இருக்கிற பெரிய கூண்டுல வேலை செய்ய ஒரு வருஷம் அனுப்புவாங்க. காட்ட முடியலன்னா வேலையை மூட்டை கட்டிருவாங்க. அவ என்கிட்ட வந்து, "போறதெண்டால் உங்களுக்கு விருப்பமோ?"ன்னு கேட்டா.

"ஒன் இஷ்டம் லா. என்னை ஏன் கேக்கறே?"

அவ உள்ள போயிட்டா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே ஒரு வேண்டுதல்தான். முருகா, அந்தப் பொறி நிக்கவே கூடாது.

நிக்கவும் இல்ல. வாரக்கணக்கா பார்த்தா. வோல்டேஜை ஏத்துவா, ஓட்டையில ஒரு மினுக்கு, அவ்வளவுதான், செத்துரும். சாயங்காலம் அவ தொங்கின முகத்தோட வந்தா நான் நல்லா சாப்பிடுவேன். அன்னிக்குன்னு பார்த்து கடையிலருந்து மீன் வறுவல் வேற வாங்கிட்டு வருவேன், அவளுக்கு ஆறுதலாம்!

அப்பதான் ஆயுத பூசை வந்துச்சு. அவங்க வீட்டுல அந்த நாள்ல புத்தகத்தையும் வயலினையும் சாமிகிட்ட வெப்பாங்க. மெஷினுக்குப் பொட்டு வெக்கிறதெல்லாம் அவங்க வழக்கம் இல்ல. எங்க ஃபாக்டரியில அது தீபாவளியை விடப் பெருசு. ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், வாசல்ல பூசணிக்காய், எல்லாருக்கும் சுண்டல். சீன முதலாளி கால் சப்பாத்தைக் கழட்டிட்டு வந்து நின்னு கும்பிடுவாரு. அவ என்கிட்ட, "எங்கட லேபிலயும் ஒருக்காச் செய்து தாருங்கோ. கடவுளும் ஒருக்கா வந்து பாக்கட்டும்"ன்னா. இந்த ஒரு விஷயத்துல எனக்குத்தான் அனுபவம்னு நானும் கொஞ்சம் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனேன்.

சனிக்கிழமை, லேப்ல யாரும் இல்ல. சந்தனத்தைப் பன்னீர் ஊத்திக் குழைச்சு, பம்புக்கு ஒரு பொட்டு, கரண்ட் பெட்டிக்கு ஒரு பொட்டு, கூண்டோட அடித்தட்டுக்கு ஒரு பொட்டு, மேல குங்குமம். அவ சூடம் கொளுத்தத் தட்டு கொண்டு வரேன்னு போனா. போறப்போ, "மேசையில தட்டத்தில ஓட்டை போட்டு வைச்சிருக்கிற துண்டுகளை மட்டும் தொடாதேங்கோ"ன்னா.

அது சுருக்குன்னு ஏறிருச்சு. தினமும் மைல் கணக்குல கேபிளைத் தொடறவன் நான், எனக்கா தொடாதேங்கோ? அதுவும் இல்லாம எங்க ஃபாக்டரியில ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்கு எத்தனை பொட்டு வெச்சாலும், கேபிளுக்குச் சந்தனம் வெக்காம அதைச் சுத்தின டிரம் உருளாது. மெஷினெல்லாம் வாகனம்தான், சரக்குதான் சாமி. கம்பியை விட்டுட்டுப் பம்புக்குப் பொட்டு வெச்சா அது என்ன பூசை? தட்டோட ஓரத்துல கிடந்த துண்டை எடுத்து, பெருவிரலால நல்லா அமுத்தி ஒரு பொட்டு வெச்சேன். அவ காலடிச் சத்தம் கேட்டதும் கைக்குட்டையால துடைச்சு, எடுத்த இடத்துலயே வெச்சுட்டேன். சாமி கும்பிட்டோம். சுண்டல் சாப்பிட்டோம். அதோட மறந்தும் போச்சு.

அடுத்த வாரம் ஃபாக்டரிக்குப் போன் வந்துச்சு. "நிண்டிட்டுது! பொறி நிண்டு எரிஞ்சு கம்பி அறுந்திட்டுது!" அவதான். "நல்லது"ன்னு வெச்சுட்டேன். அன்னிக்கு என் கீழ வேலை செய்யறவங்க எல்லாரும் என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. சாயங்காலம் வந்தா மாமனார் வீட்டுல உக்காந்திருக்காரு, கையில கேசரி. ப்ரொபசர் அமெரிக்காவுக்குப் போன் போட்டாச்சு, அங்கருந்து ஒரு ஆள் நேர்ல வந்து பார்க்கப் போறாராம். நான் கேசரியை வாயில போட்டேன், மண்ணு மாதிரி இருந்துச்சு.

ஆனா அந்தப் பொறி அதோட சரி. மறுபடி நிக்கவே இல்ல. வேற துண்டு, வேற ஓட்டை, பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை, பம்பு எண்ணெய் மாத்தி, எதுக்கும் மசியல. வெள்ளைக்காரன் வர்ற நாள் கிட்ட வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவை நின்னது மறுபடி நிக்கலன்னா அது கண்டுபிடிப்பு இல்ல, தவறுன்னு ப்ரொபசர் சொல்லிட்டாராம். சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே அவ சொன்னா: "எல்லாம் ஒரே கம்பி, ஒரே ஊசி. தட்டத்தின்ரை ஓரத்தில இருந்த அந்தத் துண்டில மட்டும் என்ன விசேஷம்?"

ஓரத்துல இருந்த துண்டு!

அங்கேயே எனக்கு விளங்கிப் போச்சு. அடடா, ஆகாயத்து ரகசியமாம், அமெரிக்காவாம்! பன்னீர்ல குழைச்ச சந்தனத்துலயா இத்தனை ஆட்டம்? சத்தியமா சொல்றேன், அன்னிக்கு ராத்திரி நான் சிரிச்சுக்கிட்டே தூங்கினேன். சொல்லவும் இல்ல. எதுக்குச் சொல்லணும்? கம்முனு இருந்தாலே கயிறு தானா அறுந்துரும்.

கம்முனு இருந்திருக்கணும். விதி விடலையே. தீபாவளிக்கு மாமனார் வீட்டுல மத்தியானச் சாப்பாடு. அவருக்கு ரயில்வே காலத்து நண்பர் ஒருத்தர் வந்திருந்தாரு. மாமனார் எலும்பை உறிஞ்சிக்கிட்டே மகளோட புராணத்தை ஆரம்பிச்சாரு. ஆகாயம், கயிறு, அமெரிக்கா. அந்த நண்பர் மரியாதைக்கு என் பக்கம் திரும்பி, "மருமகன் என்ன செய்யிறார்?"ன்னு கேட்டாரு.

"அவர் கிள்ளானில. வயர் செய்யிற இடத்தில."

"ம்"ன்னாரு நண்பர்.

அதே "ம்"! ரயில்வேயில இதையும் சொல்லிக் குடுப்பாங்க போல. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. "மாமா, உங்க மக பொறியை நிக்க வெச்சான்னு ஊரெல்லாம் தண்டோரா போடறீங்களே, நிக்க வெச்சது யார் தெரியுமா? நான்! பூசையன்னிக்கு அந்தத் துண்டுல நான் சந்தனம் வெச்சேன். அந்த அழுக்குதான் எரிஞ்சுச்சு. அது விஞ்ஞானமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதான் மறுபடி வர மாட்டேங்குது!"

யாரும் மெல்லல. மாமனார் கை பாதி வழியில நின்னுச்சு. நான் அவளைப் பார்த்தேன். அழப் போறா, தட்டைத் தள்ளிட்டு எழுந்து ஓடப் போறான்னு காத்திருந்தேன். உண்மையைச் சொல்லணும்னா, அதைப் பார்க்கத்தான் சொன்னேன்.

அவ அழல. "எந்தத் துண்டு?"ன்னா.

"ஓரத்துத் துண்டு."

"மேலால தடவினதோ, அமத்தினதோ?"

"அமுத்தி. பெருவிரலால."

"ஓட்டை இருந்த பக்கமோ?"

"இருக்கும். நான் எங்க பார்த்தேன்?"

"பிறகு துடைச்சனீங்களோ?"

"கைக்குட்டையால."

"நானும் அல்கஹோலால துடைச்சனான்"ன்னு தனக்குள்ளயே சொல்லிக்கிட்டா. "மேல இருந்தது போயிருக்கும். உள்ள அடைஞ்சது அப்படியே இருந்திருக்கு." அப்புறம் அவ முகம் மெதுவா மலர்ந்துச்சு. எச்சில் கையோட எழுந்து நின்னு சிரிச்சா. "அப்பா, ஓட்டை மட்டும் போதாது! ஓட்டைக்குள்ள ஏதாவது இருக்கவேணும்!"

குரங்கு பிடிக்கப் போனது பிள்ளையாரா முடிஞ்சா எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.

லேப் திறந்த அன்னிக்கே சந்தனத்தை அடைச்ச துண்டை வெச்சிருக்கா. பொறி நின்னு எரிஞ்சு கம்பி அறுந்துச்சு. அடுத்து மெஷின் கிரீஸ், அதுலயும் அறுந்துச்சு. கை வேர்வை, தரைத் தூசி, எல்லாத்துலயும். சுத்தமான ஓட்டையில மட்டும் மினுக்கிட்டுச் செத்துச்சு. சூடு பட்டதும் உள்ள இருக்கிற அழுக்கு ஆவியாகி, அதுவே பொறிக்குக் காத்தா இருந்து வளக்குதுன்னு காட்டிட்டா. வெள்ளைக்காரன் வந்து, கண்ணாடிக் கூண்டுல மூக்கை வெச்சுப் பார்த்துட்டு, அவ கையைப் பிடிச்சுக் குலுக்கினானாம். அமெரிக்கா நிச்சயமாச்சு.

இதுல எனக்கு வந்த கொடுமையைக் கேளுங்க. ஊரே என்னைப் பாராட்டுது! "மனைவிக்காக இப்படி உதவி செய்யற கணவர் எங்க கிடைப்பார்?"னு ப்ரொபசர் என் தோளைத் தட்டறாரு. மாமனார் முதல் தடவையா எனக்கு அவர் கையால டீ ஊத்திக் குடுத்தாரு. கோயில்ல ஐயர் எனக்குத் தனியா ஒரு மாலை. வெட்டப் போனவன் கழுத்துல மாலையைப் போட்டா அவன் என்ன சொல்லுவான்? நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க"ன்னு பவ்யமா சொல்லிக்கிட்டு நின்னேன். அதையும் தன்னடக்கம்னுட்டாங்க.

அவ மட்டும் நன்றியும் சொல்லல, திட்டவும் இல்ல. சமைச்சா, வேலைக்குப் போனா, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தா.

கிளம்பற அன்னிக்கு மத்தியானம், கட்டில் மேல சூட்கேஸைத் திறந்து வெச்சு ஸ்வெட்டரை மடிச்சுக்கிட்டு இருந்தா. சுபாங் ஏர்போர்ட்டுக்குப் போக மாமனார் டேக்சி கூட்டிட்டு வரேன்னு போயிருந்தாரு. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான்.

"தீபாவளியண்டைக்கு நீங்கள் ஏன் அதைச் சொன்னனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்"ன்னா.

"ஒனக்கு உதவியா இருக்கட்டும்னுதான்." எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே அது வாயில வந்துருச்சு.

"இல்லை. என்னை விழுத்தத்தான் சொன்னனீங்கள்." கோவமே இல்லாம, ஸ்வெட்டரோட கையை மடக்கிக்கிட்டே சொன்னா. "அதுவரைக்கும் நான் ப்ரொபசரிட்டை 'ஓம், போறன்' எண்டு சொல்லேல்ல. உங்களுக்குத் தெரியுமோ? ஓட்டைக்குள்ள என்ன நடந்தது எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியவேண்டி இருந்தது. அமெரிக்கா எனக்கு வேண்டாம். நீங்கள் ஒருக்கா 'போகாதை' எண்டு சொல்லுவியள், நிண்டிடுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

நான் ஜன்னல் கிட்டப் போயி டேக்சி வருதான்னு பார்த்தேன்.

"அதைச் சொல்ல ஏலாமல், என்ரை வேலையை உடைச்சு என்னை நிப்பாட்டப் பாத்தியள். அதுக்குப் பிறகுதான் 'ஓம்' எண்டனான்."

ஸ்வெட்டரை உள்ள வெச்சா. அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா. பார்த்துக்கிட்டே நின்னா. கீழ டேக்சி இன்னும் வரல. சூட்கேஸ் திறந்துதான் கிடந்துச்சு.

துணி அதிகம், மூடி ஒட்டல. நான் கட்டில் கிட்டப் போயி, மூடி மேல முழங்காலை வெச்சு அமுத்தி, ஜிப்பை இழுத்து மூடிக் குடுத்தேன்.